அனந்தன் காடு

திருவனந்தபுரத்தில் ஆண்டுகள் பல வாழ்ந்தும், இந்நகரின் பெயருக்குப் பின்னால் ஒரு காடு இருப்பதை நம்மவருள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பத்மநாபர் தோன்றிய இடம் அனந்தன் காடு என்றும், அங்கு இலுப்பை மரமொன்று சாய்ந்து திருவுருவாயிற்று என்றும் தலவரலாறு கூறும். பெரிய கோயிலுக்கு அருகே அப்பெயர் தாங்கிய நாகராசர் கோயில் இன்றும் உண்டு.

மலையாளத்தார் ‘காவு’ என்பது நமக்கு அயற்சொல் அன்று. ‘கா’ எனில் சோலை. திருவானைக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா என்னும் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்பதும் அச்சொல்லே. மரமே முந்தியது, மதிலும் கோபுரமும் பிந்தியவை என்பது நமது துணிபு.

இது நமக்கே உரிய வழக்கமென்று பெருமை கொள்ளவும் இடமில்லை. ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்த்தியரும் மரத்தோப்பையே கோயிலாகக் கொண்டு, அதனை ‘நெமெற்றோன்’ என்றனர். கி.பி. 60 அளவில் உரோமானியப் படை பிரித்தானியாவை அடுத்த மோனாத் தீவில் புகுந்து அத்தோப்புகளை அழித்ததை டாசிட்டஸ் எழுதி வைத்துள்ளார். பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்துகொண்ட நம் சேரன் நெடுஞ்சேரலாதனும் நினைவுக்கு வருகிறானன்றோ! இன்று அந்நாட்டில் துருயிதர் நெறியைப் புதிதாக மேற்கொண்டோர் மரங்களிடையே கூடி வழிபடுகின்றனர். எனினும் அது இடையில் அறுந்து மீண்டும் முடியப்பட்ட நூல். இங்கோ நூல் அறவில்லை, நைந்துகொண்டிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரை அளந்த வார்டு, கானர் என்னும் ஆங்கில அதிகாரிகள், இங்கே ஏறத்தாழ 15,000 காவுகள் இருந்ததாகக் கணக்கிட்டனர். பின்னர்த் தறவாடுகள் பிரிந்தன. 1975இல் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டமும் வந்தது. பங்கு பிரிக்கும் கயிறு காவுக்குள்ளும் நுழைந்தது.

நாம் வாடகைக்கு இருக்கும் வீட்டின் தென்மேற்கு மூலையிலும் ஒரு பாம்புக்காவு உண்டு. நான்கு சென்ட் நிலந்தான். ஏழிலைப்பாலையும் எட்டியும் இலஞ்சியும், அவற்றைப் பிணைத்தேறிய கொடிகளும் சேர்ந்து நண்பகலையும் மாலையாக்கிவிடும். அடியில் பாசி படர்ந்த நாகக்கற்கள். சுள்ளி ஒடிக்கவும் அங்கே தடை. ஆயில்ய நாளில் ‘நூறும் பாலும்’ படைப்பார்கள். மஞ்சளும் அரிசிமாவும் இளநீரும் பாலும் கலந்த படையல் அது. புள்ளுவர் வந்து வீணை மீட்டிக் குடம் முழக்கிப் பாடிய நாட்களும் உண்டு.

குடிவந்த புதிதில் நம் வீட்டார் பாம்புக்கு அஞ்சிக் கொல்லைக் கதவைத் திறப்பதேயில்லை. பங்குனி வெயிலில் அடுத்த மனைக் கிணறுகள் வற்றியபோது, நமது கிணற்றில் மட்டும் நீர் நின்றது. காவு தீண்டினால் குளம் வற்றும் என்பது இந்நாட்டுப் பழமொழி. வெட்டப்படாத வேரும் வாரப்படாத சருகும் மழைநீரை மண்ணுக்குள் இறக்குகின்றன. பழமொழியின் பொருள் அதுவே. இந்நகரில் வாழ்ந்து 2020இல் மறைந்த கவிஞர் சுகதகுமாரி, ‘காவு தீண்டல்லே’ என்றே தம் நூலொன்றுக்குப் பெயரிட்டார்.

வீட்டுக்கு உடையவரான மூதாட்டி எண்பதைக் கடந்தவர். மக்கள் மூவரும் கடல் கடந்து வாழ்கின்றனர். மனையை விற்றுவிட அவர்கள் விரும்புவதில் குற்றம் காண நமக்கு வாயில்லை; நாமும் பிறந்த ஊரில் குலதெய்வத்தை விட்டு வந்தவர்களே. காவை அகற்ற முறையும் இருக்கிறது. உரிய சடங்கு செய்து, நாகங்களை மண்ணாறசாலைக்கோ பாம்பும்மேக்காட்டுக்கோ ஒப்படைத்துவிடலாம். தெய்வம் இடம் மாறும். மரமும் கிணற்று ஊற்றும் மாறுமோ?

சென்ற மாதம் அம்மூதாட்டி நம்மை அழைத்து, “மோனே, நீங்கள் நாகர்கோயில் பக்கத்துக்காரர்கள், நாகத்தின் அருமை தெரிந்தவர்கள். எனக்குப் பின் அந்தி விளக்கு வைப்பீர்களா?” என்று வினவினார். பதினொரு மாத வாடகைச்சீட்டில் வாழும் நாம் எந்த வாக்கைக் கொடுப்பது? இருக்கும் நாள்வரை வைப்போம் என்றோம். “அது போதும்” என்றார்.

அவருக்கு முழங்கால் வலி மிகும் நாட்களில் இப்போது நம் மூத்த பெண்ணே விளக்கேற்றி வருகிறாள். மக்கள் மூவரும் ஓணத்துக்கு வருகின்றனராம். விலை பேசுவது அப்போதுதான்.