அம்மாவின் பாட்டு

பீங்கான் சூளை வேலை முடிந்து வந்ததும் அப்பா ‘ஹவ் டு நேம் இட்?’ கேசட்டைப் போடுவார். 1986இல் வந்த அந்த இசைத்தொகுப்பை இளையராஜா தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கினார் என்று அவர்தான் சொல்லித்தந்தார். 1983இல் கபில்தேவ் அடித்த 175ஐயும்தான். மகளை மடியில் வைத்து ஸ்கோர் சொன்ன அப்பா எங்கள் விருத்தாசலம் தெருவில் அவர் ஒருவரே. ஆனால் 1976இல் இந்தியப் பெண்கள் அணிக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தந்த தலைவி, சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி, அவர் பேச்சில் ஒருமுறையும் வந்ததில்லை.

அம்மாவும் சூளைக்காரிதான், பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டினாள். பிடித்த பாட்டு எதென்று அண்மையில் கேட்டேன்.

“இத்தன வருசத்துல யாருடி கேட்டா? கேசட்டு ஓடுறப்ப நான் அடுப்படியில இருந்தேன்.”

பிறகு ஜென்சி பாடிய ஒன்றைப் பாடினாள். இரண்டு சரணமும்.