விளக்கு இல்லாத சைக்கிள்

கடலூர் ஆல்பேட்டை செக்போஸ்ட் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். புதுச்சேரியிலிருந்து வருகிற பைக்குகள் கிட்டே நெருங்க நெருங்க, முழங்கையில் தொங்கிய ஹெல்மெட்டுகள் தலைக்கு ஏறும். போலீஸைத் தாண்டியதும் சிலருடையது மறுபடி கைக்கே இறங்கிவிடும்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் சட்டம் கண்டிப்பானது. அப்போது அபராதம் 100 ரூபாய். 2022 அக்டோபரில் அது 1,000 ஆனது. 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. பயத்தினாலாவது பலரும் ஹெல்மெட் வாங்கினோம். நானும் அப்படி வாங்கியவன்தான்.

சிதம்பரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். மாலையில் நானும் மனைவியும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மஞ்சக்குப்பம், கெடிலம் பாலம், திருப்பாதிரிப்புலியூர் நெரிசல், முதுநகர், சிப்காட் என்று ஊரைக் கடந்தால், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம். மொத்தம் 45 கிலோமீட்டர் இருக்கும். ஒருகாலத்தில் 45ஏ என்று பெயர் பெற்றிருந்த சாலை இப்போது 32ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. நான்கு வழியாக அகலமாகிவிட்டது. நடுவில் தடுப்பு இருப்பதால், எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று நம்பித்தான் எல்லோரும் வேகம் எடுக்கிறார்கள்.

புதுச்சத்திரம் தாண்டியபோது நன்றாக இருட்டிவிட்டது. திடீரென்று என் வெளிச்சத்தில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. எங்களுக்கு எதிராக, சாலையோரமாக ஒரு பெரியவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். கேரியரில் ஒரு புல்லுக்கட்டு. விளக்கு இல்லை, ரிஃப்ளெக்டர் இல்லை, ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. பிரேக் பிடித்து வண்டியை வளைத்து நிறுத்துவதற்குள் உயிர் போய் வந்தது. பின்னாலேயே ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது.

"என்னங்கய்யா, எதிர்ல வர்றீங்களே?" என்றாள் மனைவி.

"சரியான பக்கம் போவணும்னா, திரும்புற இடம் வரைக்கும் போயி வரணும்மா. இந்தக் கட்டோட முடியுமா? அதோ அந்தத் தெருதான் நம்மூடு" என்றார்.

"ஒரு விளக்காவது வெச்சுக்கக் கூடாதா?"

"சைக்கிளுக்கு யாரும்மா இப்பல்லாம் கேக்குறாங்க?" என்று சிரித்துவிட்டு மிதித்தார்.

அந்தக் கேள்வி சிதம்பரம் வரைக்கும் என்னோடு வந்தது.

ஒருகாலத்தில் கேட்டார்கள். என் சின்ன வயதில் சைக்கிளில் விளக்கு இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனாலும் பிடிக்கும். காற்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்ததுமே கேரியரில் இருப்பவர் குதித்துவிடுவார். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் குற்றமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். ஒருநாள் இரவு அப்பாவோடு நானும் அப்படித் தள்ளிக்கொண்டு நடந்தேன். டைனமோ கெட்டுப்போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தக் கான்ஸ்டபிள் எங்களைப் பார்த்துவிட்டார். அபராதம் போடவில்லை. "விளக்கு நீங்க ரோட்டைப் பாக்கறதுக்கு மட்டும் இல்ல சார். லாரிக்காரன் உங்களைப் பாக்கணும்ல" என்றார். மறுநாளே அப்பா டைனமோவைச் சரிசெய்தார்.

இப்போதைய சோதனையெல்லாம் பெரும்பாலும் மோட்டார் வண்டிக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் சைக்கிள் வராது. அதற்கு நம்பர் பிளேட்டும் இல்லை, இ-சலான் அனுப்ப வழியும் இல்லை. அதனால் சைக்கிள்காரர் சுதந்திரமாகப் போகிறார் என்று சொல்லலாம். ஆனால் வேகமான சாலையில் இரும்புக் கூடும் ஹெல்மெட்டும் இல்லாமல் போகிறவரும் அவர்தான்.

அந்தப் பெரியவருக்கு 500, 1,000 என்று அபராதம் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெருவுக்கு எதிரே கடக்க வழி வைக்காமல் சாலை போட்டுவிட்டு, ஏன் எதிரே வந்தாய் என்று அவரை மட்டும் கேட்பது நியாயமில்லை. அவர் தப்பித்துப் போகட்டும் என்று விடவும் மனம் வரவில்லை. நிறுத்த வேண்டும், அபராதத்துக்குப் பதிலாக ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்ப வேண்டும். சில ஊர்களில் போலீஸாரே சைக்கிள்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அது தினசரி வேலையாக வேண்டும்.

மறுநாள் காலை சிதம்பரம் மேலவீதியில் நடந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிள்களில் கூட்டமாகப் போனார்கள். தேரோடும் நான்கு வீதிகளிலும் சைக்கிள் பைக்கோடும் ஆட்டோவோடும் இடித்துக்கொண்டாவது போய்விடுகிறது. இங்கே யாருக்கும் வேகம் கிடையாது, அதனால் பிழைத்துக்கொள்ளலாம். ஊரைத் தாண்டி நெடுஞ்சாலைக்குப் போனால்தான் ஆபத்து.

ஒரு சைக்கிள் கடையில் 40 ரூபாய்க்கு ஒளிரும் ஸ்டிக்கர் வாங்கினேன். திரும்பும் வழியில் புதுச்சத்திரம் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். வெளியே ஐந்தாறு சைக்கிள்கள். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒட்டுங்க சார், யாரு வேணாம்னு சொல்லப் போறா?" என்றார். பின் மட்கார்டில் சிவப்பு, முன்னால் வெள்ளை. சைக்கிளுக்குச் சொந்தக்காரர்கள் டீ கிளாஸோடு எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "இதுக்கு எவ்வளவு கட்டணும்?" என்று கேட்டார். அபராதம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அந்தப் பெரியவர் அங்கே இல்லை. ஒரு துண்டு மிச்சம் இருந்தது. புல்லுக்கட்டோடு வருகிற பெரியவருக்கு என்று சொல்லி, கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு சைக்கிள் இருக்கும். இன்று இருட்டியதும், அதைத் தெருவில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். தெரிகிறதா?