புதுப் பேட்டரிக்குப் பழைய சார்ஜர் வேண்டாம்

மாதவரத்தை அடுத்த மஞ்சம்பாக்கத்தில் 2022 மார்ச்சில் சாலையோரம் ஒரு மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து எரிந்தது. அதே மாதம் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். இப்போது தோட்டத்துக்கு வரும் புல்வெட்டி, கிளை வெட்டும் கருவி, மருந்துத் தெளிப்பான் பலவற்றிலும் லித்தியம் பேட்டரிதான். அளவு சிறிது, அவ்வளவே.

ஆபத்து பெரும்பாலும் பழைய பழக்கத்தில் இருக்கிறது. 12 வோல்ட் லெட்-ஆசிட் தெளிப்பானை இரவெல்லாம் சார்ஜில் விட்டுப் பழகிய கை, அதே சார்ஜரைப் புதியதிலும் செருகிவிடுகிறது. பின்தான் பொருந்துகிறதே! ஆனால் அந்தச் சார்ஜர் 14.4 வோல்ட் வரை ஏற்றும். மூன்று லித்தியம்-அயன் செல்களை வரிசையாகக் கோத்த பேட்டரிக்கு 12.6 வோல்ட்தான் எல்லை, செல்லுக்கு 4.2. தாண்டினால் செல் சூடாகும், உப்பும். ஒரு கட்டத்துக்கு மேல் சூடே சூட்டை வளர்க்கும். உள்ளிருக்கும் காப்புச் சர்க்யூட் தடுக்க வேண்டும். மலிவுப் பேட்டரியில் அதை நம்புவதற்கில்லை.

பகலெல்லாம் வேலை, இரவில்தான் கருவி ஓய்கிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் கருவி வைக்கும் அறையும் பிள்ளைகள் படுக்கும் அறையும் பல வீடுகளில் ஒன்றுதான். அதனால் விழித்திருக்கும் நேரத்திலேயே, கருவியோடு வந்த சார்ஜரில், சிமென்ட் தரையில் வைத்து ஏற்றுங்கள். சாக்கு, வைக்கோல் பக்கம் வேண்டாம். வெயிலில் உழைத்த பேட்டரி முதலில் ஆறட்டும். உப்பியதை மறுபடி ஏற்றாமல், குத்திப் பார்க்காமல், வெளியே மணல் வாளியில் வைத்து, வாங்கிய கடையில் கொடுத்துவிடுங்கள்.