பெயரும் எண்ணும்

என் மகள் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டிய இறுதி நாள் அது. மாலை ஆறு மணிக்குக் கணினியின் முன் அமர்ந்தோம். கல்லூரியின் இணையப் பெயரைத் தட்டினோம், பக்கம் திறக்கவில்லை. வேறு பெயர்களைத் தட்டியும் பயனில்லை. இணைப்புத் தந்த நிறுவனத்தை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

மகள் ஏசவில்லை. “பெயரை விட்டு எண்ணால் அழைத்துப் பார்ப்போம், அப்பா” என்றாள். 8.8.8.8 என்னும் எண்ணுக்குச் சோதனைச் செய்தி ஒன்றை அனுப்பினாள். உடனே மறுமொழி வந்தது. வழி பழுதுபடவில்லை, வழி சொல்ல வேண்டியதே வாய்திறக்கவில்லை என்பது விளங்கிற்று.

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறிவன. மனிதர் நினைவில் நிற்பதோ பெயர். தொடக்கத்தில் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் தொகுக்கப்பெற்றன. கணினிகள் பெருகவே அம்முறை போதாதாயிற்று. 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் அப்பணியைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் அக்கணினிகளே பெயர்ச் சேவையகங்கள்.

எங்கள் கணினி எந்தச் சேவையகத்தைக் கேட்கிறது என்று மகள் பார்த்தாள். அங்கே இருந்தது, முன்னொரு நாள் நண்பர் சொல்லக் கேட்டு நானே எழுதிவைத்த எண்! அச்சேவையகம் இயங்குவதை நிறுத்திவிட்டது. அவ்வெண்ணை நீக்கி, நிறுவனம் தரும் எண்ணையே ஏற்குமாறு அமைத்தாள். பக்கம் திறந்தது, விண்ணப்பமும் உரிய நேரத்தில் சென்றது.

நான் நாணினேன். பிறரை ஏசுமுன் பிழை எங்கே உள்ளது என்று படிப்படியாகத் தேட வேண்டும். அது நம் கையால் நேர்ந்ததாகவும் இருக்கலாம் அன்றோ?