திறந்த சாளரம்

எழுதுவதற்கு அமைதி வேண்டும் என்பர். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். எழுத அமர்ந்தால் கதவைச் சாத்துவேன், சாளரத்தை மூடுவேன், வீட்டில் எவரும் உரக்கப் பேசலாகாது என்று சொல்லிவிடுவேன். காக்கை கரைந்தால் சினம் வரும். அணில் ஓடினால் எழுதுகோல் நின்றுவிடும். வெளியே உள்ள இயற்கை என் எழுத்துக்குப் பகை என்றே கருதியிருந்தேன். அக்கருத்தை மாற்றியது ஒரு சிறு பறவை. பத்துக் கிராம் எடையே உள்ள அப்பறவை எனக்குச் செய்த உதவியை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

என் அன்னையார் மறைந்து ஓராண்டு நிறைவுறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. உற்றார் பலரும் கூடும் அந்நாளில், அன்னையின் வாழ்க்கையை நான்கு பக்கங்களில் எழுதிப் படிக்கவேண்டும் என்று என் தமக்கையார் கேட்டிருந்தார். "தம்பி, நம் பேரப்பிள்ளைகள் அம்மாவைப் படுக்கையில் கிடந்த கிழவியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அவர் யார் என்பதை நீ எழுதினால்தான் அவர்கள் அறிவார்கள்" என்றார். எளிய வேலை என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். பிறர்க்காக எத்தனையோ பாராட்டுரைகள் எழுதிய எனக்குப் பெற்ற தாயைப் பற்றி எழுதவா இயலாது?

உண்மையில் இயலவில்லை. முதல் நாள், "தியாகத்தின் திருவுருவம்" என்று தொடங்கினேன். "பொறுமையின் பொன்விளக்கு" என்று தொடர்ந்தேன். ஒரு பக்கம் நிரம்பியது. படித்துப் பார்த்தேன். அவ்வுரை எந்தத் தாய்க்கும் பொருந்தும். என் தாய் மட்டும் அதில் இல்லை. தாளைக் கிழித்தேன். இரண்டாம் நாளும் அவ்வாறே கழிந்தது. சொற்கள் பெரியனவாக வந்தன; நினைவுகளோ வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சாளரத்தின் வெளியே ஓர் ஒலி கேட்டது. இடைவிடாது, உரத்து, ஒரே அளவில் ஒலித்துக்கொண்டிருந்தது அக்குரல். வெறுப்புடன் சாளரத்தை மூடினேன். மூடிய கதவையும் ஊடுருவி வந்தது அவ்வொலி. ஆடி மாதப் புழுக்கத்தில் அறை வெந்தது. வேறு வழியின்றிச் சாளரத்தைத் திறந்து, அப்பறவையை விரட்டுவதற்காகக் கையை உயர்த்தினேன். உயர்த்திய கை அப்படியே நின்றது.

சாளரத்தை ஒட்டி வளர்ந்திருந்த அத்திச் செடியில் இரண்டு தையற்சிட்டுகள் இருந்தன. பச்சை முதுகும் செம்பழுப்பு உச்சியும் நிமிர்ந்த வாலும் கொண்ட சிறு பறவைகள் அவை. ஒன்று சற்று எட்டி அமர்ந்து கத்திக்கொண்டிருந்தது. என்னைச் சினங்கொள்ளச் செய்த குரல் அதனுடையதே. மற்றொன்று வாய் திறக்கவில்லை. அது பெட்டை. கூடு கட்டும் பணி பெட்டைக்கு உரியது. அதன் அலகில் மெல்லிய சிலந்தி நூல் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அது செய்த வேலையை நான் மூச்சடக்கிப் பார்த்தேன். அகன்ற இலை ஒன்றின் ஓரத்தை ஊசி போன்ற அலகினால் துளைத்தது. துளையின் வழியே நூலைச் செலுத்தி இழுத்தது. பின்பு எதிர் ஓரத்தைத் துளைத்து, இரண்டையும் நெருக்கிச் சேர்த்தது. நூலின் முனை துளைக்கு வெளியே பஞ்சுபோல் விரிந்து நின்றமையால், அது மீண்டும் நழுவவில்லை. முடிச்சிட விரல் இல்லாத பறவை கண்ட உபாயம் அது! இவ்வாறு தைத்துத் தைத்து, தட்டையாக இருந்த இலையை ஒரு பையாக ஆக்கிவிடுகிறது. அப்பைக்குள் பஞ்சும் நாரும் இட்டு மெத்தை அமைத்து முட்டையிடுகிறது. இதில் மற்றொரு வியப்பும் உண்டு. துளைகள் மிகச் சிறியன ஆதலால், தைக்கப்பட்ட இலை வாடுவதில்லை. பசுமை மாறாமல் மற்ற இலைகளோடு இலையாக நிற்கிறது. அதனால் பகைவர் கண்ணுக்குக் கூடு எளிதில் புலப்படுவதில்லை.

இலைக்கும் நோவாத தையல்! அவ்வாறு எண்ணிய அளவில், மூன்று நாளாக வாராத என் அன்னை என் முன்னே வந்து அமர்ந்தார்.

எனக்கு ஆறு வயதாக இருந்தபொழுது தந்தையார் காலமானார். அதன்பின் அன்னையார் தையற்கடையிலிருந்து சட்டைகளை வாங்கிவந்து, காஜா எடுத்தும் பொத்தான் கட்டியும் கொடுத்து எங்களைக் காப்பாற்றினார். சிம்னி விளக்கின் முன் அமர்ந்து, நூலின் முனையை நாவில் நனைத்து, கண்ணைச் சுருக்கி ஊசியில் கோப்பார். தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். அந்தச் சிறு ஓசை கேட்டபடியே நானும் என் தமக்கையாரும் உறங்கிப்போவோம்.

ஒருநாள் என் பள்ளிச் சட்டை தோளில் கிழிந்தது. அன்னையார் அதில் ஒட்டுப்போட்டுத் தந்தார். வகுப்பில் இரு மாணவர் அதைச் சுட்டிச் சிரித்தனர். வீடு திரும்பிய நான் சட்டையைக் கழற்றி அவர் மடியில் எறிந்து, "ஊரார் சட்டையை மட்டும் நன்றாகத் தைக்கிறீர்கள்; இந்த ஒட்டுச் சட்டையை இனி நான் உடுக்கமாட்டேன்" என்று கத்தினேன். அவர் ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை. அன்றிரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு, அச்சட்டையின் தையலைப் பிரித்தார். அதன் உள்மடிப்பிலிருந்தே துணி எடுத்து, இழையோடு இழை சேர்த்து மீண்டும் தைத்தார். மறுநாள் வகுப்பில் எவரும் அதைக் கண்டறியவில்லை. நானும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்ற நினைவு வந்தபொழுது அவர் இல்லை.

அதை எழுதினேன். "திருவுருவம்" வரவில்லை, "பொன்விளக்கு" வரவில்லை. ஊசி வந்தது, நூல் வந்தது, சிம்னி விளக்கு வந்தது, என் பிழையும் வந்தது. உச்சிப் பொழுதிற்குள் நான்கு பக்கங்களும் நிறைந்தன. ஆண்டு நாளில் அதைப் படித்தேன். தமக்கையார் முகத்தை மூடிக்கொண்டு, "அந்தச் சட்டை எனக்கும் நினைவிருக்கிறது" என்றார். பேரப்பிள்ளைகளுள் சிறியவள், "அந்தச் சட்டை எங்கே தாத்தா? நான் பார்க்கவேண்டும்" என்று கேட்டாள். சட்டை இல்லை. ஆனால், அதைத் தைத்தவரை அவள் அன்று அறிந்துகொண்டாள். எனக்கு அது போதும்.

இயற்கையின் குறுக்கீடு எழுத்துக்கு வித்தாவது புதிதன்று. 1819 ஆம் ஆண்டு இளவேனிலில், இலண்டனை அடுத்த ஆம்ப்சுடெடு என்னும் இடத்தில் ஆங்கிலக் கவிஞர் கீட்சு தம் நண்பர் பிரவுனுடன் வாழ்ந்தார். வீட்டருகே இராப்பாடி என்னும் நைட்டிங்கேல் பறவை ஒன்று கூடு கட்டியிருந்தது. அதன் பாட்டில் உள்ளம் பறிகொடுத்த கவிஞர், ஒரு காலையில் நாற்காலியை எடுத்துச் சென்று மரத்தடியில் இரண்டு மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தார் என்றும், திரும்பியபொழுது அவர் கையில் சில தாள்கள் இருந்தன என்றும் பிரவுன் எழுதியுள்ளார். அப்பறவையைப் பாடிய புகழ்மிக்க பாட்டு அத்தாள்களில் இருந்தது. நம் பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தபொழுது, அங்குள்ள ஒரு மாந்தோப்பை நாடிச் சென்றார். அவருடைய குயில் பாட்டு அத்தோப்போடு தொடர்புடையது.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. கீட்சு பறவையைக் கேட்டதோடு நில்லாமல், தாளில் எழுதிக்கொண்டு திரும்பினார். சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டே பொழுதைக் கழித்தால் எழுத்துத் தானே பிறந்துவிடாது. உள்ளத்தைச் சிதறடித்து வெறுமையாக விட்டுச் செல்லும் குறுக்கீடும் உண்டு. உள்ளே புதைந்து கிடந்ததைத் தோண்டிக் கொடுக்கும் குறுக்கீடும் உண்டு. பார்த்தபின் மேசைக்குத் திரும்புகிறோமா, திரும்பும்பொழுது கையில் ஏதேனும் கொண்டு வருகிறோமா என்பதே அவற்றைப் பிரித்தறியும் வழி.

மாணவர்களே! கட்டுரை எழுத அமரும்பொழுது உங்களுக்கும் சொற்கள் வாராமல் போகலாம். அப்பொழுது பெரிய சொற்களைத் தேடி ஓடாதீர்கள். சற்றே தலையை உயர்த்தி வெளியே பாருங்கள். எறும்பின் வரிசையோ, மழை நனைத்த மண்ணோ, ஓர் இலையோ உங்களுக்கு உரிய ஒன்றை நினைவூட்டக்கூடும். அதை நினைவூட்டியவுடன் தலையைக் குனிந்து எழுதுங்கள். நன்றி சொல்லவேண்டியவர்கள் வீட்டில் இருந்தால், எழுதுவதற்கு முன்னரே அதைச் சொல்லிவிடுங்கள்.

சில வாரங்களில் குஞ்சுகள் பறந்துபோயின. அத்திச் செடியின் அவ்விலை பின்னும் பல நாள் பச்சையாகவே நின்றது. என் சாளரம் இப்பொழுதெல்லாம் திறந்தே இருக்கிறது.