நைட் ஷிஃப்ட்

ராஜபாளையம் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது தேவதானம். அந்த வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் சங்கரன்கோவில் நிலம் என்றால், தேவதானம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் ஆகாயம். ஆகாயத்தைக் கும்பிடும் ஊரில் பிறந்ததாலோ என்னவோ, அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே வானத்தின் மீதுதான் கண்.

அவளுடைய அம்மாவுக்கு நூற்பு மில்லில் வேலை. பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். மகள் கண்விழிக்கும் நேரத்தில், தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி வீட்டுக்குள் நுழைவார். அந்தச் சம்பளத்தில்தான் மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து ஆராய்ச்சியில் சேர்ந்தாள்.

காவலூருக்குப் போக வேண்டும் என்று அவள் சொன்னபோதுதான் பிரச்னை வந்தது. ஜவ்வாது மலையில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. அதன் 2.3 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே உருவானது. 1986-ல் அதற்கு வானியலாளர் பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள்.

“பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. இந்த நேரத்துல ராத்திரி பூரா காட்டுக்குள்ள இவளுக்கு என்ன வேலை?” என்று கேட்டார் தாய்மாமா.

“பதினெட்டு வருஷமா நான் ராத்திரி வேலைக்குப் போறேன். ஒருநாளும் நீ இப்படிக் கேக்கலையேண்ணே?” என்றார் அம்மா. மாமா பேசவில்லை.

அவளுக்குக் கிடைத்தது மூன்றே இரவுகள். முதல் இரண்டும் மேகத்தில் போயின. போனில் அழுதேவிட்டாள். “மில்லுல கரண்டு போன மாதிரின்னு நெனச்சுக்க தாயி. வரும்” என்றார் அம்மா.

மூன்றாம் இரவு, நள்ளிரவுக்கு மேல் வானம் திறந்தது. சப்தரிஷி மண்டலத் திசையில், சுமார் 2 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் எம்101 என்ற சுருள் கேலக்ஸியை நோக்கித் தொலைநோக்கி திரும்பியது. வந்த ஒளியை நிறமாலைமானி வானவில் போலப் பிரித்தது.

சுருள் கைகளில் வாயு மேகங்கள் திரண்டு நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அவற்றில் சூடு மிகுந்தவை வீசும் புற ஊதாக் கதிர், சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்துவிடும். அது திரும்ப வந்து சேரும்போது சிவப்பு ஒளி பிறக்கும். அதன் அலைநீளம் 656.3 நானோமீட்டர். அப்படிப்பட்ட பெரிய நட்சத்திரங்களின் ஆயுசு சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். நம் சூரியனுக்கோ சுமார் 1,000 கோடி. அதனால், சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தால் அங்கே அண்மையில் பிரசவம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

பச்சைப் பகுதியில், 500.7-ல் ஆக்சிஜன் கோடு. கோடுகளின் பலத்தை ஒப்பிட்டு, மேகத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்கிடலாம். எம்101-ன் நடுப்பகுதியில் அது அதிகம்; ஓரத்துக்குப் போகப் போகக் குறைவு. முந்தைய தலைமுறை நட்சத்திரங்கள் சமைத்து வைத்துவிட்டுப் போன சொத்து அது.

விடிகாலை 3 மணிக்கு அந்த வரைபடத்தை அம்மாவுக்கு அனுப்பினாள். அன்று வார விடுமுறை. ஆனாலும் பழக்கதோஷம், அம்மா விழித்துத்தான் இருந்தார்.

“ஊசி மாதிரி ஒசரமா நிக்குதே, இது என்ன தாயி?”

“புதுசா நட்சத்திரம் பொறந்த எடம்மா. ரெண்டு கோடி வருஷத்துக்கு முன்னாடி கெளம்பின வெளிச்சம்.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “நூலைத் தொட்டா எங்க மெலிஞ்சிருக்கு, எங்க தடிச்சிருக்குன்னு நான் சொல்லிருவேன். நீ வெளிச்சத்தைப் பாத்துச் சொல்ற. சரி, ஷிஃப்ட் முடிஞ்சதும் சாப்பிட்டுத் தூங்கு.”

காலையில் மாமா வந்தார். அம்மா போனை அவர் முன் நீட்டினார்.

“இதாண்ணே ராத்திரி பூரா அவ பாத்த வேலை. மாப்பிள்ளை வீட்ல கேட்டா இதையே காட்டு.”