வாப்பா ஏத்துற கறுப்பு மண்



போன கிழமை தரம் 11 பிள்ளைகளுக்கு எரிபொருட் கலம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐதரசனும் ஒட்சிசனும் சேரும், மின்சாரம் வரும், மிஞ்சுவது நீர் மட்டும். ஊக்கி பிளாற்றினம் என்றதும் பின் வாங்கிலிருந்து ஒரு மகன் கேட்டார்: "டீச்சர், அது ஜப்பான்காரன்ட கார் விஷயம். புல்மோட்டைல இருக்கிற எங்களுக்கு என்னத்துக்கு?"

அவருடைய வாப்பா கனிய மணல் ஏற்றும் கூலி வேலைக்குப் போகிறவர். ஓ.எல். முடிய இவரும் அதே வேலைக்குத்தான் என்று வீட்டில் பேச்சாம்.

பாடத்தை அவர் பக்கமே திருப்பினேன்.

பிளாற்றினம் விலை கூடியது. அதனால் 2 முதல் 5 நனோமீற்றர் அளவுத் துணிக்கைகளாக்கி ஒரு தாங்கியின் மேல் பரப்புகிறார்கள். எங்கட இடியப்பத் தட்டைப் போல அந்தத் தாங்கியில் துளைகள் வேண்டும். வாயு உள்ளே போகவேண்டும், நீர் வெளியே வரவேண்டும். அதோடு மின்னையும் கடத்தவேண்டும்.

இன்று ஓடும் வாகனங்களில் அந்தத் தட்டு காபன். கிட்டத்தட்ட விளக்குக் கரி மாதிரி. வாகனத்தை இயக்கி நிறுத்தும் நேரங்களில் மின்னழுத்தம் ஏற, காபன் கொஞ்சம் கொஞ்சமாகக் காபனீரொட்சைட்டாகிப் போய்விடும். தட்டு அரிபட்டால் பிளாற்றினம் பிடியிழந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கரி எரியும், சாம்பல் எரியாது. அதனால்தான் ஏற்கெனவே ஒட்சிசனோடு சேர்ந்துவிட்ட உலோக ஒட்சைட்டுகளை ஆய்வாளர்கள் தேடினார்கள். ஒன்று தைத்தேனியமீரொட்சைட்டு. அது அரிபடாது, ஆனால் மின்னைச் சரியாகக் கடத்தாது. ஐதரசனில் வைத்து 1000 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி ஒட்சிசனில் கொஞ்சத்தை எடுத்துவிட்டால், நன்றாகக் கடத்தும் கருந்தூளாக மாறும். ஆனால் அந்தச் சூட்டில் நுண்துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும்! துளையும் வேண்டும், கடத்தலும் வேண்டும். ஆய்வுகூடங்கள் இன்னும் இதோடுதான் மல்லுக்கட்டுகின்றன.

"தைத்தேனியம் எங்க டீச்சர் எடுக்கிற?" என்றார்.

"இல்மனைட்டிலயும் ரூட்டைலிலயும். உங்கட வாப்பா ஏத்துற மண்."

வகுப்பு அமைதியாகிவிட்டது.

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது. உலகத்துத் தைத்தேனியமீரொட்சைட்டில் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்டுக்குத்தான் போகிறது. நாங்கள் பெரும்பாலும் மண்ணை மண்ணாகவே கப்பலேற்றுகிறோம். அந்த மண்ணுக்கும் அந்தக் கருந்தூளுக்கும் நடுவில் இருப்பது இரசாயனவியல். விலை அங்கேதான் ஏறுகிறது.

மணி அடித்த பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "டீச்சர், இதப் படிக்க ஏ.எல்.ல என்ன எடுக்கணும்?"

சொன்னேன். ஆனால் முடிவு அவர் கையில் மட்டும் இல்லை.

பெற்றோரே, பிள்ளையை வேலைக்கு அனுப்பும் முன் ஒரு தடவை அவரிடமே கேட்டுப் பாருங்கள். பாட வகுப்புக்குக் காசு இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள். பின்னேரத்தில் இருந்து சொல்லித்தர நான் தயார், இன்ஷா அல்லாஹ்.